இன்னைக்குப் பெரட்டு இல்ல

லண்டன்
1991 பெப்ரவரி 10

அப்பாவுக்கு,

கணக்கியல் படிப்பை நான் விட்டுவிட்டதாகச் சித்தப்பா உங்களுக்கு எழுதியிருப்பார். உண்மைதான். பகலில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிற்கிறேன். மிச்ச நேரமெல்லாம் இசை.

என்ன இசை என்று கேட்பீர்கள். பழைய அமெரிக்க இசைத்தட்டுகள் சிலவற்றில், பாடுகிறவரும் மற்ற வாத்தியக்காரரும் நிறுத்திக்கொள்ள, மேளம் அடிக்கிறவன் மட்டும் தனியாக அடிக்கும் சில விநாடிகள் வரும். அந்தத் துண்டை வெட்டி எடுக்கிறோம். வேகத்தைக் கூட்டி, இன்னும் சிறிய துண்டுகளாக நறுக்கி, இடம் மாற்றி அடுக்கி, திரும்பத் திரும்ப ஓட விடுகிறோம். பிரேக்பீட் என்பார்கள். நான் வெட்டி ஒட்டியவற்றை ஒரு மாடிக் குடியிருப்பின் உச்சியில் இருந்து, அனுமதி இல்லாத ஒரு ரேடியோவில் போடுகிறேன். கேட்கிறார்கள், அப்பா. அடுத்த நாள் தெருவில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆனால் இங்கே எல்லாரும் அதே சில தட்டுகளைத்தான் வெட்டுகிறோம். எனக்கு வேறு வேண்டும். நாங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டில் இருந்தபோது, தொழிலாளர் குடியிருந்த கீழ் லயத்தில் யாராவது இறந்தால் ஒரு தப்பு மேளம் கேட்குமே. ஓடிக்கொண்டிருக்கிற அடி திடீரென்று தடுக்கி விழும். ஒரு மூச்சு நிற்கும். பிறகு எழும்பும். அதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. வீட்டில் அந்தப் பெரிய கசெற் ரெக்கோடர் இன்னும் இருக்கும். அந்தத் தப்பு அடிக்கிற சின்னராசாவை அடிக்கச் சொல்லிப் பதிந்து அனுப்ப முடியுமா?

குகன்


தலவாக்கலை
1991 மார்ச் 24

தம்பி குகன்,

படிப்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். உன் அம்மா எழுதச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "பெடியன் கணக்காளனா வருவான் எண்டு பாத்தால், பறைமேளம் கேட்டுக் கடிதம் போடுறான்."

ஓய்வு பெற்ற பிறகு நான் தோட்டத்துப் பக்கம் அதிகம் போவதில்லை. ஊருக்குப் போகலாம் என்றால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடக்கிறது. ஆகவே நேரம் இருந்தது. போன ஞாயிறு சின்னராசாவைப் போய்ப் பார்த்தேன். ஆலைச் சங்கு பழுதாகிற நாட்களில் இன்றும் விடியற்காலையில் அவர்தான் பெரட்டுத் தப்பு அடிக்கிறார். சனம் எழுந்து, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு வருவது அந்தச் சத்தத்துக்குத்தான்.

"கிளாக்கர் ஐயா, பெரட்டு அடி கேளுங்க, அடிக்கிறேன். தேர் அடி கேளுங்க. காமன் கூத்து அடிகூட அடிக்கிறேன். எழவு அடி மட்டும் கேக்காதீங்க. பொணம் இல்லாம அத அடிச்சா, அது பொணத்தத் தேடிக்கும்."

லண்டனில் இருக்கிற உனக்காகத்தான் என்றேன்.

"லண்டன்ல சாவே இல்லீங்களா? அங்க ஒரு ஆளு விழுந்தா அங்கேயே அடிச்சுக்கச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்ற மூன்று அடிகளும் இதனுடன் வரும் கசெற்றில் இருக்கின்றன. நீ கேட்டதை இனிக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் சின்னராசா ஒன்று சொன்னார்: "எழவு விழுந்தா வந்து புடிச்சுக்கங்க. நான் வேணாங்கல." அதையும் உனக்குச் சொல்ல வேண்டும் அல்லவா.

அப்பா


தலவாக்கலை
1991 ஜூலை 7

தம்பி குகன்,

விடாத மழை. சென்ற கிழமை கீழ்ப் பிரிவில், கடைசி லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, காளியாயி குடியிருந்த காம்பராவின் பின்சுவர் உள்ளே விழுந்துவிட்டது. காளியாயியை உனக்குத் தெரியும். அம்மா நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது நமக்குத் தண்ணீர் அள்ளித் தந்தவள். அவள் அந்த நேரம் தண்ணீர் பிடிக்கப் பீலியடிக்குக் குடத்துடன் போயிருந்தாள். உள்ளே மகள் பவளக்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

உத்தியோகக் காலத்தில் லயத்து இழவுகளுக்கு நான் போனதில்லை. கிளாக்கர்மார் மாலை அனுப்புவதோடு சரி. இம்முறை போனேன். துணிப்பைக்குள் ரெக்கோடரை வைத்து, அதன் மேல் ஒரு துவாயை மடித்து வைத்துக்கொண்டு போனேன். துக்கத்துக்காகப் போனேனா, கசெற்றுக்காகப் போனேனா என்று நீ கேட்டால் எனக்கு விடை தெரியாது. மார்ச் மாதத்திலிருந்தே நான் ஒரு சாவுக்காகக் காத்திருந்தேன் என்பது அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது.

சின்னராசாவிடம் பையைக் காட்டினேன். "நான் அடிக்கிறத அடிக்கத்தான் போறேன். நீங்க புடிக்கிறத நான் பாக்கல" என்றார்.

மேளம் நீ கேட்டபடியே பதிந்திருக்கிறது. ஒரு விஷயம். நடுவில் மேளம் நிற்கிற ஓர் இடத்தில், அதுவரை ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த காளியாயி அதை விட்டுவிட்டு, மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, தினமும் காலையில் எழுப்புகிற குரலிலேயே, "எந்திரிடி பவளம், பெரட்டுக்கு நேரமாச்சு" என்றாள். ரெக்கோடரை நிறுத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பொத்தான் பெரிய சத்தத்துடன் எழும்பும். எல்லாரும் திரும்பிப் பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில் கையை எடுத்துவிட்டேன். ஆகவே அதுவும் பதிந்திருக்கிறது.

அந்த இடம் உனக்கு வேண்டாம். மேளத்தை மட்டும் எடு.

அப்பா


லண்டன்
1992 ஏப்ரல் 19

அப்பாவுக்கு,

இதனுடன் ஒரு கசெற் வருகிறது. என் முதல் இசைத்தட்டின் பிரதி. தட்டின் பெயர் 'பெரட்டு'. கடைகளில் கிடைக்கவில்லை என்று ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். இந்த வகையை முதலில் செய்தவன் என்று ஒரு சஞ்சிகையில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். படத்தையும் வெட்டி வைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் கோபிக்கப் போகும் இடம். முதலில் நீங்கள் சொன்னபடி மேளத்தை மட்டும்தான் வைத்தேன். ஒரு மண்டபத்தில் போட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த கிழமை, மேளம் நிற்கிற அந்த மூச்சில் அந்தக் குரலை வைத்தேன். சுவரோரம் நின்றவர்கள்கூட நடுவுக்கு ஓடி வந்தார்கள். அதை மறுபடி எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயரை வெட்டிவிட்டேன். பெரட்டுக்கு நேரமாச்சு என்பதையும் வெட்டிவிட்டேன். 'எந்திரிடி' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அது என்ன மொழி என்றுகூட இங்கே ஒருவருக்கும் தெரியாது. யாருக்கு இதனால் என்ன குறை?

கேட்டுவிட்டு எழுதுங்கள்.

குகன்


தலவாக்கலை
1992 மே 17

குகன்,

கேட்டேன். குசினியில் நின்ற உன் அம்மா கரண்டியோடு வந்து, "உது காளியாயியின்ர குரல் எல்லோ? ஏன் அவளை உப்பிடித் துரத்துறான்?" என்று கேட்டாள். நான் கசெற்றை நிறுத்திவிட்டேன். நம் வீட்டில் அந்தப் பொத்தானின் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

நான் வேண்டாம் என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். தெளிவாகச் சொல்லவில்லையோ என்று என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

அந்தக் குரலை நீ எடுத்துவிடும்வரை எனக்கு எழுத வேண்டாம். இந்த வரியை எழுதிவிட்டு, இதைத் தபாலில் போடலாமா என்று சில நாட்கள் மேசையிலேயே வைத்திருந்தேன். இன்று போடுகிறேன்.

அப்பா


தலவாக்கலை
1998 ஆகஸ்ட் 16

தம்பி குகன்,

எழுத வேண்டாம் என்று சொன்னவன் நான். இப்போது எழுதுகிறவனும் நானே. நீ அம்மாவுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டைகளில் ஜெர்மனி என்றும் ஜப்பான் என்றும் முத்திரைகள் இருக்கின்றன. அவளிடம் நான் கேட்பதில்லை. அவள் மேசையில் வைத்துவிட்டுப் போவாள், நான் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவேன்.

நேற்றுக் காளியாயி வந்தாள். வழக்கம்போலப் பின்பக்கமாக வந்து குசினி வாசலில் நின்றாள். அம்மா உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பஸ்ஸுல என் குரலு கேட்டுச்சுங்க ஐயா" என்றாள். "அட்டன் போற பஸ்ஸுல. மொதல்ல யாரோ என்னயத்தான் கூப்புடுறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். அப்பறந்தான் தெரிஞ்சுச்சு, கூப்புடுறது நானு."

என்ன பாட்டு என்று, தெரிந்துகொண்டே கேட்டேன்.

"கண்டக்டர் பய சொல்றான், 'ஒங்க தோட்டத்துக் கிளாக்கரு மகன் லண்டன்ல போட்டது ஆத்தா, ஒலகமே ஆடுது'ன்னு. இஸ்கூல் புள்ளைங்க எல்லாம் ஆடுதுங்க. ஆடட்டுங்க. நான் அதுக்கு வரல."

பிறகு, வந்த காரியத்தைச் சொன்னாள். பதினாறாம் நாள் கருமாதி முடித்து மகளை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் செத்தவளைக் கூப்பிடக் கூடாதாம். "கூப்புட்டா போக மாட்டா. பாதி வழியில நின்னு திரும்பித் திரும்பிப் பாப்பா. அதுலயும் எந்திரின்னு கூப்புட்டா? அவ நான் சொல்லித் தட்டுனதே இல்லீங்க. எந்திரிக்கப் பாப்பா. மண்ணுக்குள்ள இருந்து எப்புடி எந்திரிப்பா?"

உனக்காக நான் வாதாடினேன். அதில் பெயர் இல்லையே என்றேன்.

"பேரு இல்லாட்டி என்னங்க? நான் யாரக் கூப்புட்டேன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

போகும்போது சொன்னாள்: "தம்பிக்கு எழுதுங்க. திட்டி எழுதாதீங்க. கூப்புடுறத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க." அவள் சொன்னதை எழுதிவிட்டேன். இதை நம்புகிறேனா என்று என்னைக் கேட்காதே. அவள் நம்புகிறாள். குரல் அவளுடையது.

அப்பா


லண்டன்
1998 அக்டோபர் 4

அப்பாவுக்கு,

நிறுத்த முடியாது. மனமில்லை என்று சொல்லவில்லை. முடியாது.

அட்டன் பஸ்ஸில் ஓடுவது என் தட்டே இல்லை. கொழும்பில் யாரோ என் தட்டிலிருந்து அந்தக் குரலை வெட்டி எடுத்துத் தங்கள் மேளத்தில் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒருவன் செய்திருக்கிறான். அவனிடமிருந்து இன்னொருவன் எடுத்திருக்கிறான். எங்கள் தொழிலே இப்படித்தான் நடக்கிறது. நான் காளியாயியிடம் கேட்கவில்லை, அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. விற்ற தட்டுகளை வீடு வீடாகப் போய் வாங்கி உடைக்கவா முடியும்?

நான் போடுவதை மட்டும் நான் நிறுத்தலாம். ஆனால் என்னை அழைப்பதே அதற்காகத்தான். எந்த ஊருக்குப் போனாலும் கடைசியில் மண்டபம் முழுவதும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கத்தும். அவர்கள் வாயில் அது 'எந்தீரி' என்று வரும். அதற்குப் பிறகு எத்தனையோ செய்தேன், அப்பா. இதைவிட நல்லவை. ஒன்றையும் யாரும் கேட்பதில்லை. இப்போது வலது காதில் ஒரு விசில் சத்தம் ஓயாமல் இருக்கிறது. வைத்தியர் இந்த வேலையை விடச் சொல்கிறார். விட்டுவிட்டு என்ன செய்ய?

இன்னொன்று. அந்தத் தப்பைக் கேட்டவன் நான்தான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு இழவு வீட்டுக்குப் போனது நீங்கள். அதையும் நினைத்துக்கொண்டு என்னைக் கோபியுங்கள்.

குகன்


தலவாக்கலை
1999 ஜனவரி 31

தம்பி குகன்,

உன் கடைசிப் பந்தியை இரண்டு முறை வாசித்தேன். அது சரி.

நீ சொன்னதைக் காளியாயியிடம் எப்படிச் சொல்வது என்று நீண்ட நாள் யோசித்தேன். நல்ல உதாரணம் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் இருந்தபடியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆத்துல கொட்டுன கொழுந்து" என்றாள். உதாரணம் அவளிடம் இருந்தது.

அன்று போய்விட்டாள். தைப்பொங்கல் முடிந்து மறுபடி வந்தாள். இம்முறை உள்ளே வந்து குந்தினாள்.

"கூப்புடுறத நிறுத்த முடியாதுன்னா, கூப்புட்டுட்டு சும்மா விடக்கூடாதுங்க ஐயா. எழுப்புனவதான் திருப்பித் தூங்க வைக்கணும். அந்தப் பெட்டி இன்னும் வேல செய்யுதுங்களா?"

ரெக்கோடரை எடுத்து அவள் முன் வைத்தேன். பாயில் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல அதன் பக்கம் குனிந்து சொன்னாள்: "தூங்குடி பவளம். இன்னைக்குப் பெரட்டு இல்ல." அழவில்லை. பௌர்ணமிப் போயா லீவு நாட்களில் லயத்துத் தாய்மார் பிள்ளைகளிடம் சொல்வதுதான் அது. விழித்துக்கொண்டு அவசரமாக எழும்பும் பிள்ளையை மறுபடி படுக்க வைக்கிற சொல்.

பொத்தானை அழுத்தினேன். சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டாள். போட்டுக் காட்டினேன். "இன்னுங் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்" என்றாள். மறுபடி பதியவா என்றேன். "வேணாங்க. இருக்கட்டும்."

அவள் சொன்ன வேலை இது: 'எந்திரிடி' என்று வருகிற ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் இதை வைக்க வேண்டும். "இதுல பேர வெட்ட வேணாம்னு சொல்லுங்க. இதுல பேரு இருக்கணும்."

கசெற் இதனுடன் வருகிறது.

அப்பா


லண்டன்
2001 மார்ச் 11

அப்பாவுக்கு,

கசெற் வந்து நீண்ட நாட்கள் நான் அதைத் தொடவில்லை. கேட்டால் செய்ய வேண்டி வரும் என்று தெரியும்.

சென்ற ஆண்டுதான் செய்தேன். பெயரை வெட்டவில்லை. பெரிய மண்டபம் ஒன்றில், கடைசிப் பாட்டாக வைத்தேன். குரல் கூப்பிட்டது. எல்லாரும் கைகளைத் தூக்கிக் குதிக்கத் தயாராக நின்றார்கள். மேளம் வரவில்லை. "தூங்குடி பவளம். இன்னைக்குப் பெரட்டு இல்ல." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால் எந்த மேளத்தையும் என்னால் வைக்க முடியவில்லை.

யந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்கள். தூக்கிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார்கள். பிறகு விசில். ஒரு போத்தல் வந்து மேசையில் உடைந்தது. ஏற்பாடு செய்தவன் என் காதுக்குள் வந்து கத்தினான். நல்லவேளையாக அது ஏற்கெனவே கேட்காமல் போன வலது காது.

அடுத்த இடத்திலும் அப்படியே வைத்தேன். அதற்கடுத்த இடத்திலும். ஓர் இடத்துக்கும் இரண்டாம் முறை என்னை அழைக்கவில்லை. அதைத் தட்டாக வெளியிட என் கம்பனி மறுத்துவிட்டது. இப்போது ராக்சிக் கார் ஓட்டுகிறேன். இடது பக்கத்தில் இருந்து பேசுபவர்கள் சொல்வது நன்றாகக் கேட்கிறது.

இதை ஒரு தியாகமாகக் காளியாயியிடம் சொல்ல வேண்டாம். நான் போட்ட இடங்களில் கூப்பிட்டுவிட்டுத் தூங்க வைத்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்கள் போடுவதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குகன்


தலவாக்கலை
2003 ஜூன் 22

தம்பி குகன்,

காளியாயி போன புதன்கிழமை இறந்துவிட்டாள். நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள்.

மண்டபத்தில் போட்டதைப் பற்றிய உன் கடிதத்தை வந்த அன்றே அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன், உனக்கு எழுதினேனா என்று நினைவில்லை. கேட்டுவிட்டு, "தம்பி மெதுவாத்தான் வச்சிருப்பாரு" என்றாள். பிறகு, "பஸ்ஸுல இருக்கறது அது இல்லீங்களே" என்றாள். அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் ஏறவே இல்லை. தலவாக்கலைக் கடைக்கு வரவும் நடந்தாள், ஆஸ்பத்திரிக்கும் முடிந்தவரை நடந்துதான் போனாள்.

இழவுக்குப் போனேன். கையில் குடை மட்டும். சின்னராசா தளர்ந்துவிட்டார். ஆனாலும் அவரே அடித்தார். அந்த அடி தடுக்கி நிற்கிற இடத்தில் என் காது தானாகவே அவளுடைய குரலுக்குக் காத்திருந்தது. அழைக்க யாரும் இல்லை. மகளுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டதால் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: எழுப்பினவள்தான் தூங்க வைக்க வேண்டும் என்றாள். அவளோ இப்போது மண்ணுக்குள் இருக்கிறாள். இந்தக் குரலுக்கு இனி எழும்பப் பார்ப்பது ஒருத்தியா, இரண்டு பேரா?

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். இறங்கும் இடம் வந்தால்கூட நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவன். குரல் "எந்திரிடி" என்றது. மேளம் விழுவதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி இருக்கிறது. எத்தனை பேர் கைமாறினாலும் நீ விட்ட அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அதற்குள், "தூங்குடி பவளம், இன்னைக்குப் பெரட்டு இல்ல" என்று சொன்னேன். மனதுக்குள் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த பெண் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். குரல் மறுபடி கூப்பிட்டது. மறுபடி சொன்னேன். முன்னிருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

நானும் கூட்டினேன்.

அப்பா